விருந்தும் மறைவிடமும்



பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "ஐயா, பொங்கல் லீவுக்கு ஆபீஸ் நண்பர்களைத் திருப்போரூர் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன். எங்க வீட்டுல யாரும் குடிக்க மாட்டோம். வர்றவங்கள்ல நாலு பேர் எதிர்பார்ப்பாங்க. மொட்டை மாடியில தனியா ஏற்பாடு பண்ணட்டுமா, இல்ல கண்டுக்காம விட்டுடட்டுமா?"

இது உங்களில் பலருக்கும் உள்ள சங்கடம்தான். வரலாறு நடத்தியவன் என்பதால் பதிலையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் பழைய விருந்துகளில் கள் ஒளித்து வைத்த பொருள் அல்ல. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் நூல் சிறுபாணாற்றுப்படை. கடலோர எயிற்பட்டினத்தில் பரதவர் உனக்கு முதிர்ந்த கள்ளும் சுட்ட குழல்மீனும் கொடுப்பார்கள் என்று அது சொல்கிறது. எயிற்பட்டினம் என்பது இன்றைய மரக்காணம் என்பார்கள் ஆய்வாளர்கள். நம் ஊரிலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வரும் ஊர்தான். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டிலும், கள் கொஞ்சமாக இருந்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்ற ஏக்கம் இருக்கிறது. கொடுப்பவரும் குடிப்பவரும் ஒரே இடத்தில், எல்லோர் கண்ணெதிரே இருந்தார்கள்.

மறுபக்கம் வள்ளுவர். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதில் 927ஆவது குறளைப் பாருங்கள். ஒளிந்து குடிப்பவனின் நிலையை ஊரார் கண்டுபிடித்து எப்போதும் சிரிப்பார்கள் என்கிறது. ஒளிந்து குடிப்பது அன்றைக்கும் இருந்திருக்கிறது! விருந்தோம்பல் அதிகாரத்தில், விருந்தாளியை வெளியே விட்டுவிட்டுத் தான் மட்டும் உண்பது அமுதமே ஆனாலும் கூடாது என்கிறார். நம் காலத்தில் விருந்தாளியே பந்தியை விட்டு வெளியே போய்க் குடித்துவிட்டு வருகிறார்.

இது எப்படி வந்தது?

ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள், சாராய வருமானம் போன இடத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரி வந்தது. 1948 அக்டோபர் 2 முதல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971 வரை 23 ஆண்டுகள், ஒரு தலைமுறைக் காலம். உடல்நிலையைக் காட்டி பெர்மிட் வாங்கியவர்கள் தவிர மற்றவர்களுக்குக் குடி என்பது குற்றம். குடித்தவர்கள் தோப்பு, வைக்கோல் போர், கொல்லைப்புறம் என்று ஒதுங்கினார்கள். கல்யாண வீட்டுக்காரருக்குத் தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருப்பதே மரியாதை என்றானது.

பிறகு சட்டம் பலமுறை மாறிவிட்டது. 1971இல் விலக்கு நீங்கியது, 1974இல் திரும்பி வந்தது, 1981இல் மறுபடி நீங்கியது. 1983இல் டாஸ்மாக் உருவானது. 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. கடை தெருவுக்கு வந்துவிட்டது, ஆனால் கொல்லைப்புறப் பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போது அது காருக்குள்ளும் மொட்டை மாடியிலும் நடக்கிறது.

2023 ஏப்ரலில், சிறப்பு உரிமம் பெற்றுத் திருமண மண்டபத்தில் மது பரிமாறலாம் என்று அரசு விதி கொண்டுவந்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததும் திருமண மண்டபங்களை நீக்கிவிட்டார்கள். பந்தியில் அது வேண்டாம் என்று ஊர் சொன்னது. மண்டபத்தின் பார்க்கிங் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த மாதமே, மே 2023இல், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் நம் மாவட்டத்து மதுராந்தகம் பக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாணனுக்குக் கள்ளும் மீனும் கொடுத்த அதே கடற்கரை. மறைவில் விற்று மறைவில் குடிப்பதில் உள்ளே என்ன இருக்கிறது என்பதுகூடத் தெரியாது.

ஆகவே தம்பிக்கு என் பதில்: மாடியும் வேண்டாம், கண்டுகொள்ளாமல் இருப்பதும் வேண்டாம். மாடியில் ஏற்பாடு என்றால் சைடிஷ் வறுத்துப் படியேறிக் கொடுப்பது வீட்டுப் பெண்கள்தான். மறுநாள் கழுவித் துடைப்பதும் அவர்கள்தான். குடிக்காத வீட்டில் அந்த வேலையை அவர்கள் தலையில் கட்ட நமக்கு என்ன உரிமை?

கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள். "எங்க வீட்டுல அது கிடையாது, சாப்பாடு பிரமாதமா இருக்கும்." இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் குடியரசுத் தலைவர் மாளிகை விருந்துகளிலேயே மது கிடையாது. வல்லரசுத் தலைவர்களும் அங்கே பழச்சாறு கோப்பையைத்தான் உயர்த்துகிறார்கள்.

விருந்தாளிக்கும் கடமை உண்டு. பாட்டிலைப் பரிசாகக் கொண்டுவரக் கூடாது, குடித்துவிட்டு வரக் கூடாது, நடுவில் காருக்குப் போய் வரக் கூடாது. அது இல்லாமல் முடியாது என்றால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுவது நாகரிகம். அதையும் மீறி ஒருவர் குடித்துவிட்டு வந்தால் பிள்ளைகள் முன் அவமானப்படுத்தாதீர்கள். சாப்பாடு போடுங்கள், வண்டிச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள், டாக்சி பிடித்துக் கொடுங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம், முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம். அதைவிட, ஓ.எம்.ஆரிலும் ஈ.சி.ஆரிலும் விடுமுறை ராத்திரிகளில் வண்டிகள் போகும் வேகம் உங்களுக்குத் தெரியும்.

நம் ஊருக்குப் பனையோடு பழைய உறவு. சிதம்பர சுவாமிகள் பனங்காட்டில்தான் முருகன் திருவுருவைக் கண்டெடுத்தார் என்கிறது தலவரலாறு. ஒரே பனை, ஒரே பாளை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். சுண்ணாம்பை முதலிலேயே தடவ வேண்டும், புளித்த பிறகு தடவிப் பயனில்லை. அழைக்கும்போதே சொல்லும் அந்த ஒரு வார்த்தையும் அப்படித்தான்.

மதுவிலக்குக் காலத்துக் கல்யாணங்கள் நினைவிருக்கும் பெரியவர்கள் கீழே எழுதுங்கள். இளையவர்கள் படிக்கட்டும். அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.