குழந்தையின் மிஸாஜ்: முன்னோர் நோக்கும் இன்றைய ஆய்வும்

ஒரே தாய் தந்தையருக்குப் பிறந்து ஒரே வீட்டில் வளரும் இரு குழந்தைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு குழந்தை புதிய முகத்தைக் கண்டதும் தாயின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்கிறது. மற்றொன்று வந்தவரின் மடியில் ஏறி அமர்கிறது. ஒன்று பசித்தால் மெல்லச் சிணுங்குகிறது; மற்றொன்று ஊரைக் கூட்டுகிறது. பேச்சு வருவதற்கு முன்பே வெளிப்பட்டுவிடும் இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது? அக்குழந்தையின் பிற்கால மனநலத்தை அது எந்த அளவுக்கு முடிவு செய்கிறது? இவ்வினாக்கள் இருபதாம் நூற்றாண்டில் தோன்றியவை அல்ல. பக்தாதிலும் கைரவானிலும் ஹமதானிலும் வாழ்ந்த மருத்துவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவற்றைப் பற்றிச் சிந்தித்து எழுதியுள்ளனர். அவ்வரலாற்றையும், அதற்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டிய இன்றைய ஆய்வுகளையும் ஈண்டு சுருக்கமாக நோக்குவோம்.

மிஸாஜ் என்னும் கருத்து

மிஸாஜ் என்ற அரபுச் சொல் 'கலத்தல்' எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது. இரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கின் கலவையே ஒருவரின் உடல் இயல்பையும் மன இயல்பையும் அமைக்கிறது என்பது கிரேக்க மருத்துவரான காலனின் கொள்கை. வாதம், பித்தம், கபம் என்னும் பாகுபாட்டை அறிந்த நமக்கு இது அந்நியமான சிந்தனை அன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் (809–873) அவருடைய மாணவர்களும் காலனின் நூல்களை சுரியானி மொழியிலும் அரபியிலும் பெயர்த்தனர். ஆன்மாவின் ஆற்றல்கள் உடலின் கலவையைப் பின்பற்றிச் செல்கின்றன என்று வாதிடும் காலனின் சிறு நூலும் இவ்வழியே அரபு உலகை அடைந்தது.

இக்கொள்கை ஒரு சிக்கலையும் உடன் கொண்டுவந்தது. மனம் முழுவதும் உடலின் கலவையையே பின்பற்றுமானால், ஒழுக்கப் பயிற்சிக்கு இடம் ஏது? முன்கோபியாகப் பிறந்தவன் முன்கோபியாகவே மடிய வேண்டியதுதானா?

முஸ்லிம் அறிஞர்களுக்கு இதில் வழிகாட்டும் மூலங்கள் இருந்தன. அப்துல் கைஸ் குலத்தின் தூதுக்குழுவில் வந்த அஷஜ் என்பவரின் பொறுமையையும் நிதானத்தையும் நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். இவை தாம் முயன்று பெற்றவையா, அல்லாஹ் தம்மில் படைத்து வைத்தவையா என்று அவர் வினவ, அல்லாஹ்வே அவற்றை அவரில் படைத்தான் என்று நபியவர்கள் விடையளித்த செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. பிறவி இயல்பு என ஒன்று உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. மறுபுறம், ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ராவிலேயே பிறக்கிறது. அதன் போக்கை மாற்றுவோர் பெற்றோரே என்னும் புகழ்பெற்ற நபிமொழி வளர்ப்பின் வலிமையைச் சுட்டுகிறது. இங்கே ஒரு தெளிவு தேவை. ஃபித்ரா வேறு, மிஸாஜ் வேறு. ஃபித்ரா எல்லாக் குழந்தைக்கும் பொதுவானது. மிஸாஜ் ஆளுக்கு ஆள் வேறுபடுவது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோரே, அடம்பிடிக்கும் குழந்தையை ஃபித்ரா கெட்ட குழந்தை என எண்ணிவிடுகின்றனர்.

பல்க், கைரவான், ஹமதான்

மனநலத்தை உடல்நலத்துக்கு நிகராக வைத்து நூல் செய்தவர்களுள் முன்னோடியாகத் திகழ்பவர் அபூஸைத் அல்பல்கி (இறப்பு 934). அவருடைய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூல் இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி உடலைப் பற்றியது; இரண்டாம் பகுதி சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் எனப்படும் ஓயாத தீய எண்ணங்கள் ஆகியவற்றைப் பற்றியது. உடல் நோயே காணாதவர் சிலர் இருக்கக்கூடும். மனத்தின் தாக்குதல்களிலிருந்து தப்பியவர் எவருமில்லை என்பது அவரது கருத்து. அவற்றைத் தாங்கும் வலிமை மனிதருக்கு மனிதர் வேறுபடுகிறது என்றும், ஒவ்வொருவரும் தம் எல்லையை அறிந்து வாழ வேண்டும் என்றும் அவர் கூறுகிறார். காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் புலப்படாத துயரத்தையும் அவர் பிரித்துக் காட்டியிருப்பது இன்றைய மனநல மருத்துவர்களையும் வியக்க வைக்கிறது. இஸ்தான்பூலின் அயாசோஃபியா நூற்சேகரத்தில் இருந்த இதன் கையெழுத்துப் பிரதி 1984இல் பிராங்க்ஃபர்ட்டில் நிழற்பட வடிவில் வெளியானது. மனநலப் பகுதியை மாலிக் பத்ரி 2013இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

குழந்தையின் இயல்பை நேரடியாக ஆராய்ந்தவர் பத்தாம் நூற்றாண்டில் கைரவானில் வாழ்ந்த மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார். குழந்தை பராமரிப்புக்கென்றே அவர் எழுதிய 'ஸியாஸதுஸ் ஸிப்யான் வதத்பீருஹும்' என்னும் நூலின் இறுதிப் பகுதி குழந்தைகளின் சுபாவ வேறுபாட்டைப் பேசுகிறது. சில குழந்தைகள் பயிற்சியை எளிதில் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. சில நாணமுடையவை, சில நாணமற்றவை. ஒன்று பாராட்டினால் படிக்கும், மற்றொன்று கண்டித்தால் படிக்கும் என அவர் வகைப்படுத்துகிறார். அடிக்கு அஞ்சியே படிக்கும் பிள்ளையையும் அவர் இப்பட்டியலில் சேர்த்துள்ளார். அது அவர் காலத்து வழக்கு. நாம் கருதத்தக்கது, எல்லாக் குழந்தைக்கும் ஒரே முறை பொருந்தாது என்று அவர் கண்டறிந்த உண்மையே.

இக்கருத்தை முழுமையாக்கியவர் இப்னு ஸீனா (980–1037). ஹமதான் உள்ளிட்ட நகரங்களில் எழுதி முடித்த 'அல்கானூன்' முதல் பாகத்தில் குழந்தை வளர்ப்புக்கெனத் தனி அத்தியாயங்களை அவர் ஒதுக்கியுள்ளார். பச்சிளங் குழந்தைக்கு மெல்லிய ஆட்டமும் தாலாட்டும் வேண்டும் என்றும், அவற்றைக் குழந்தை ஏற்கும் அளவைக் கொண்டே அதன் உடல், மன நாட்டங்களை அறியலாம் என்றும் அவர் குறிப்பிடுகிறார். சற்று வளர்ந்த பிள்ளையைப் பற்றிப் பேசுகையில், கடுஞ்சினம், பேரச்சம், துயரம், தூக்கமின்மை ஆகியவை அதைத் தாக்காமல் காக்க வேண்டும் என்கிறார். அதற்குரிய வழி, பிள்ளை எதை நாடுகிறது, எதை வெறுக்கிறது என்று கவனிப்பதே. ஆறு வயதில் ஆசிரியரிடம் ஒப்படைக்கும்போதும் படிப்படியாகவே பழக்க வேண்டும், ஒரேயடியாக நூலோடு கட்டிப்போடலாகாது என்கிறார்.

இதற்கு அவர் கூறும் காரணமே நம் கவனத்துக்குரியது. கெட்ட மிஸாஜிலிருந்து கெட்ட குணம் பிறப்பதுபோல், பழக்கத்தால் படிந்த கெட்ட குணமும் மிஸாஜைக் கெடுக்கும் என்கிறார் அவர். இதனால் காலன் விட்டுச் சென்ற சிக்கல் அவிழ்கிறது. பாதை ஒருவழியானது அன்று. இயல்பு வளர்ப்பைப் பாதிக்கிறது. வளர்ப்பும் இயல்பைப் பாதிக்கிறது.

நாணமுள்ள பிள்ளை

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (1058–1111) 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் இதே மரபைத் தொடர்கிறார். பிள்ளையிடம் அறிவு முகிழ்ப்பதன் முதல் அடையாளம் ஹயா என்னும் நாணமே என்றும், நாணமுள்ள பிள்ளையைப் புறக்கணிக்காமல் அந்நாணத்தையே துணையாகக் கொண்டு பயிற்றுவிக்க வேண்டும் என்றும் அவர் எழுதுகிறார். ஒருமுறை தவறினால் கண்டும் காணாமல் விடுக. மீண்டும் தவறினால் தனியே கண்டிக்க. ஓயாமல் பழித்தால் பழிச்சொல் உறைக்காமல் போகும். பாடம் முடிந்தபின் விளையாட விடாவிட்டால் உள்ளம் மரத்துவிடும் என்பவை அவர் கூறும் அறிவுரைகளின் சாரம். பின்னர் இப்னு கல்தூன் (1332–1406) தம் 'முகத்திமா'வில், மாணவரிடம் கடுமை காட்டுவது, குறிப்பாகச் சிறுவரிடம் காட்டுவது, அவர்களைச் சோம்பலுக்கும் பொய்க்கும் வஞ்சகத்துக்கும் தள்ளும் என எச்சரித்தார்.

இன்றைய ஆய்வுகள்

நான்கு கலவைகள் என்னும் உடலியல் கொள்கையை இன்றைய மருத்துவம் கைவிட்டுவிட்டது. அதை மீட்டெடுக்க முயல்வது வீண். ஆயினும் சுபாவம் பற்றிய வினா திரும்பவும் எழுந்தது. குழந்தையின் மனக்கோளாறுகளுக்கெல்லாம் தாயின் வளர்ப்பே காரணம் என்னும் எண்ணம் மேலோங்கியிருந்த காலத்தில், 1956இல், நியூயார்க்கின் மனநல மருத்துவத் தம்பதியரான அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினர். சுறுசுறுப்பு, உணவு உறக்கத்தின் ஒழுங்கு, புதியதை ஏற்றல், உணர்ச்சியின் வேகம் முதலான ஒன்பது கூறுகளை அளந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் எளிதில் இணங்குபவர். 10 விழுக்காட்டினர் கடினமானவர். 15 விழுக்காட்டினர் மெல்லப் பழகுபவர். எஞ்சியோர் எவ்வகையிலும் அடங்காதவர். கடினமான குழந்தைகளில் சுமார் 70 விழுக்காட்டினருக்குப் பின்னாளில் நடத்தைச் சிக்கல்கள் தோன்றின. எளிதான குழந்தைகளில் இது 18 விழுக்காடே.

எஞ்சிய 30 விழுக்காட்டினர் தப்பியது எவ்வாறு? சுபாவம் மட்டும் நோயைத் தோற்றுவிப்பதில்லை, குழந்தையின் சுபாவமும் அதனிடம் சுற்றியிருப்போர் எதிர்பார்ப்பதும் பொருந்தாதபோதே சிக்கல் முளைக்கிறது என்பது அத்தம்பதியரின் முடிவு.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கேகன் (1929–2021) நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய ஒலிகளையும் பொருள்களையும் காட்டினார். ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகள் கைகால் உதைத்து அழுதன. இவற்றுள் பல பிற்காலத்தில் கூச்சமும் தயக்கமும் மிக்கவையாயின. எனினும் அச்சத்தில் உறைந்தே வளர்ந்தவை சிறுபான்மையே. 1994இல் வெளியிட்ட தம் நூலுக்கு அவர் காலனின் பெயரையே தலைப்பில் சூட்டியது நம் கதையின் இரு முனைகளையும் இணைக்கிறது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைத் தொடரும் ஆய்வும் இதையே உறுதி செய்தது. மூன்று வயதில் மிக ஒடுங்கியிருந்தோர் 21 வயதில் மனச்சோர்வுக்கும், கட்டுக்கடங்காதிருந்தோர் சமூக விரோத நடத்தைக்கும் மற்றவரைவிட மிகுதியாக ஆளாயினர் என 1996இல் அறிவிக்கப்பட்டது. சிறு வயதில் ஒடுங்கும் இயல்புள்ளோர்க்குச் சமூக அச்சநோய் வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்தோர் கண்டனர். அவ்வாய்வுகளிலும் அந்நோய்க்கு ஆளாகாதோரே பாதிக்கும் மேற்பட்டவர். ஆகவே சுபாவம் ஓர் எச்சரிக்கை, தீர்ப்பு அன்று.

நாம் கொள்ளத்தக்கது

இப்னு ஸீனா இன்றைய உளவியலை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டார் என்று பெருமை பேசுவது நம் நோக்கமன்று. அவரிடம் கணக்கெடுப்பு இல்லை, இவர்களிடம் இருக்கிறது. ஆயினும் இரு தரப்பாரும் வெவ்வேறு வழிகளில் சென்று ஒரே இடத்தை அடைந்துள்ளனர். குழந்தையின் சுபாவம் அதன் குற்றமன்று, தாயின் குற்றமுமன்று, மாற்றவியலாத விதியும் அன்று. பெரியவர் கவனித்து நடந்துகொள்ளும் முறையே அதை நோயாகவோ வலிமையாகவோ ஆக்குகிறது.

இவ்வுண்மை நம் வீடுகளையும் மக்தபுகளையும் ஹிஃப்ழு வகுப்புகளையும் நேரடியாகத் தொடுகிறது. கூச்சமுள்ள பிள்ளையைச் சபையில் எழுப்பி நிறுத்தி ஓதச் சொல்லி, தடுமாறும்போது நகைத்தால், கஸ்ஸாலி (ரஹ்) அறிவின் முதல் அடையாளம் எனப் போற்றிய நாணத்தையே நாம் அச்சநோயாக மாற்றுகிறோம். துடுக்கான பிள்ளையைப் பிரம்பால் அடக்கினால், இப்னு ஸீனா காக்கச் சொன்ன கடுஞ்சினத்தையே அதற்குக் கற்பிக்கிறோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்தது. 2012ஆம் ஆண்டின் திருத்தம் மத்ரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கியது. அவ்விலக்கு நம் கல்வியின் தனித்தன்மைக்குக் கிடைத்த மதிப்பேயன்றிப் பிரம்புக்குக் கிடைத்த அனுமதி அன்று.

வளர்ந்த பிள்ளை காரணமின்றி ஒடுங்கி, உண்ணாமல் உறங்காமல் இருப்பின், ஈமான் குறைந்துவிட்டது என்று கடிந்துகொள்வோரும், ஜின்னின் வேலை என்று கூறி மாதக்கணக்கில் அலைவோரும் நம்மிடையே உளர். துஆவும் ஓதிப்பார்த்தலும் மருத்துவத்துக்குத் தடை அல்ல. உடலுக்கும் மனத்துக்கும் ஒரே நூலில் இடமளித்த அல்பல்கியின் வழிவந்தோர் மனநல மருத்துவரின் வாசலை மிதிக்க வெட்கப்பட வேண்டியதில்லை. மிஸாஜை அறிந்து நடத்துவது நம் முன்னோர் வகுத்த தர்பிய்யாவின் முதற்படி. அதில் இன்று நமக்கு அவர்களைவிடக் கூடுதலான சான்றுகளும் உள்ளன.