பராமரிப்பு வினைஞரும் நட்டஈட்டுச் சட்டமும் – ஒரு வரலாற்று நோக்கு

1

தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டங்களின் வரலாற்றை எழுதியோருட் பலர் அதனை மனிதாபிமானத்தின் படிப்படியான வெற்றியாகவே சித்திரித்துள்ளனர். நீதியரசர்களின் கடுமை தளர்ந்தது, பாராளுமன்றத்தின் மனச்சாட்சி விழித்தது, காயமுற்றவனின் வீட்டுக்கு வாரந்தோறும் பணம் வந்தது என்பதே அவ்வரலாற்றின் சாரமாகும். இந்நோக்கு முற்றிலும் பொய்யானதன்று, ஆயினும் போதாதது. சட்டமொன்று யாரைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது என்பதைப் போலவே, யாரை வாசலில் நிறுத்தியது என்பதும் ஆராயப்படல் வேண்டும்.

இக்கட்டுரையிலே நாம் அவ்வாறு வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு பிரிவினரை எடுத்துக்கொள்கிறோம். இயந்திரத்தைத் திருத்துவோர், துடைப்போர், எண்ணெய் விடுவோர், பட்டி மாற்றுவோர், மின்னிணைப்புகளைச் சரிபார்ப்போர் ஆகிய இவர்களைப் பராமரிப்பு வினைஞர் என ஒருங்கே குறிப்பிடலாம். உற்பத்தித் தொழிலாளி இயந்திரத்தின் முன்னே நிற்கிறான்; பராமரிப்பு வினைஞனோ அதன் உள்ளே கையை விடுகிறான். முன்னவனைக் காக்கும் வேலி, பின்னவன் தனது வேலையைச் செய்வதற்கு அகற்ற வேண்டிய தடையாக உள்ளது. இவ்வெளிய உண்மையைச் சட்டம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதே நமது வினா.

2

1837ஆம் ஆண்டு இவ்வாய்வுக்கு வசதியான தொடக்கமாகும். அவ்வாண்டிலேதான் இங்கிலாந்தின் பிறீஸ்ட்லி எதிர் பௌலர் வழக்கிலே தீர்ப்பு வழங்கப்பட்டது. இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வேலையாளான இளைஞன், அளவுமீறிப் பாரமேற்றப்பட்ட வண்டி உடைந்து வீழ்ந்ததால் தொடை முறிந்தான். யூரிமார் அவனுக்கு 100 பவுண் வழங்கினர். அபிஞ்சர் பிரபு தலைமையிலான நீதிமன்றம் அதனை நிராகரித்தது. எசமான் பொறுப்பாளியெனின் அப்பொறுப்புக்கு எல்லையே இராது என அவர் வாதித்தார். அதற்கு அவர் எடுத்துக்காட்டிய உதாரணங்கள் கவனத்துக்குரியன: ஈரப்படுக்கையை விரித்த பணிப்பெண், பாத்திரத்தைச் சுத்தஞ் செய்யாத சமையற்காரி, பழுதான கட்டிலை அனுப்பிய தளபாடக்காரன். அனைத்தும் செல்வர் இல்லத்துக் காட்சிகள். நீராவி இயந்திரங்கள் நாட்டை மாற்றியமைத்துக்கொண்டிருந்த காலத்திலே நீதிமன்றம் இன்னும் வீட்டுப் பணியாளின் மொழியிலேயே சிந்தித்தது. நிலவுடைமைச் சமூகத்தின் எசமான்-ஏவலாள் என்னும் சொல்லாட்சி, முதலாளித்துவ உற்பத்தி உறவுகளை மூடும் போர்வையாகப் பயன்பட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே 1837ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் பாவெல் என்னும் புகையிரதச் சாரதி, தண்டவாள மாற்றியைக் கவனிக்கும் வேறொரு வேலையாளின் தவறினால் வலக்கையை இழந்தார். அவர் முன்னர் அதே கம்பனியில் இயந்திர வினைஞராக இருந்தவர். சாரதியானபோது நாளொன்றுக்கு 2 டொலர் கூலி பெற்றார். இது வினைஞரின் கூலியிலும் அதிகம். 1842இல் வழங்கிய தீர்ப்பிலே நீதியரசர் லெமுவெல் ஷோ இக்கூலி வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்ட ஒரு கோட்பாட்டை வகுத்தார். ஆபத்துமிக்க வேலையை ஏற்பவன் அவ்வாபத்தைத் தெரிந்தே ஏற்கிறான். அதற்கான ஈடு கூலியிலேயே அடங்கியுள்ளது. உடன்வேலையாளின் தவறும் அவ்வாபத்துகளுள் ஒன்றே. தொழிலாளர் ஒருவரையொருவர் கவனித்து எச்சரித்துக்கொள்ளலாம் என்பதும் அவரது வாதமாகும். சாரதியும் தண்டவாள மாற்றிக்காரனும் வெவ்வேறு பகுதிகளில் வேலை செய்பவர்கள், ஒருவரை மற்றவர் கண்காணிக்க வழியில்லை என்பது அவர் முன் எடுத்துரைக்கப்பட்டது; அவர் அதனை ஏற்கவில்லை.

உடன்வேலையாள் விதி எனப் பெயர்பெற்ற இக்கோட்பாடு பராமரிப்பு வினைஞரை இருபுறமும் தாக்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது. பிறர் தவறினால் அவன் காயமுற்றால் நட்டஈடு இல்லை. அவன் தவறினால் பிறர் காயமுற்றால் பழி அவனுக்கு, பாதுகாப்பு முதலாளிக்கு. ஏணியின் மேலே நிற்பவன், கீழே இயந்திரத்தை முடுக்கியவனின் உடன்வேலையாள் என்ற ஒரே காரணத்தால் உரிமை இழந்தான். இங்கிலாந்திலே இவ்விதி 1948ஆம் ஆண்டிலேயே முற்றாக ஒழிக்கப்பட்டது.

3

தொழிற்சாலைச் சட்டங்களின் வரலாறும் இதனையொத்ததே. 1844ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலியிடுமாறு பணித்தது. சிறுவரும் இளையோரும் இயங்கும் இயந்திரப் பொறியமைப்பைத் துடைப்பதைத் தடைசெய்தது. ஆலை முதலாளிகள் கூரையோரத்தில் ஓடும் கிடைத்தண்டுகளுக்கு வேலியிட மறுத்தனர். 1854-55இல் இவ்விவகாரம் கடும் வாதப்போராக உருவெடுத்தது. சார்ள்ஸ் டிக்கின்ஸ் நடத்திய இதழிலே ஹென்றி மோர்லி ஆலை விபத்துகளைப் பற்றிக் கண்டனக் கட்டுரைகள் எழுதினார். ஹரியற் மார்ட்டினோ முதலாளிகளின் சங்கத்துக்குச் சார்பாகப் பிரசுரமொன்றை எழுதினார். 1856ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிகளுக்கு இணங்கியது. பெண்களும் சிறுவரும் இளையோரும் தொடக்கூடிய பகுதிகளுக்கே வேலி கட்டாயம் என அது கடப்பாட்டைச் சுருக்கியது. அவ்வாறாயின் உயரத்துத் தண்டை நெருங்குவோர் யார்? எண்ணெய்க் குவளையோடும் ஏணியோடும் செல்லும் வளர்ந்த ஆணே. வேலி நீக்கப்பட்ட இடம் அவனது வேலைத்தளம்.

கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதற்பாகத்திலே இப்பிரிவினரை மறவாது குறிப்பிடுகிறார். தொழிற்சாலையின் முழு இயந்திரத் தொகுதியையும் கவனித்து அவ்வப்போது திருத்தும் பொறிவினைஞர், கம்மியர், தச்சர் ஆகியோர் எண்ணிக்கையிற் சிறியவர். உற்பத்தித் தொழிலாளரோடு சேர்த்துவைக்கப்பட்ட, ஆனால் அவர்களினின்றும் வேறான ஒரு பிரிவினர் என்பது அவரது கணிப்பு. அதனோடமையாது அவர் ஒரு முரணையும் சுட்டுகிறார். தொழிற்சாலைச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லையிலிருந்து இவர்கள் வெளியே நிறுத்தப்பட்டனர். பாராளுமன்றப் புள்ளிவிபரங்களிலோ தொழிற்சாலைத் தொழிலாளராக எண்ணப்பட்டனர். எண்ணும்போது உள்ளே, காக்கும்போது வெளியே என்ற இந்நிலையை மார்க்ஸ் தற்செயல் என்று கருதவில்லை.

இயங்கும் இயந்திரத்தைத் துடைக்கும்போது நேர்ந்த விபத்துகளையும் அவர் பரிசோதகர் அறிக்கைகளைக் கொண்டு ஆராய்ந்தார். துடைப்பதற்குத் தனிக் கூலி இல்லை. துடைக்க இயந்திரத்தை நிறுத்தினால் உற்பத்தி குறைகிறது. ஆகவே ஓடும் இயந்திரத்தையே விரைந்து துடைத்தனர். பராமரிப்பு மூலதனத்தின் கணக்கிலே நேரவிரயமாகத் தோன்றியமையே அக்காயங்களின் காரணம். அக்காரணத்தை விடுத்துத் தொழிலாளியின் கவனக்குறைவைப் பேசுவது விளைவைக் கொண்டு காரணத்தை மறைப்பதாகும்.

இலக்கிய மாணவர்களாகிய நாம் இவ்விடத்து ஒரு செய்தியை நினைவுகூர வேண்டும். டிக்கின்ஸின் ‘ஹார்ட் ரைம்ஸ்’ நாவலின் கையெழுத்துப் பிரதியிலே, ரேச்சலின் தங்கை இயந்திரத்தினாற் கையை இழந்ததைக் கூறும் பகுதி இருந்தது. மோர்லியின் கட்டுரையைச் சுட்டும் அடிக்குறிப்பும் இருந்தது. 1854இல் நாவல் அச்சேறியபோது அப்பகுதி அச்சுப்படியிலேயே நீக்கப்பட்டுவிட்டது. தமது இதழிலே விபத்தை வெளிப்படையாகக் கண்டித்த அதே எழுத்தாளர், நாவலிலே அதனைத் தவிர்த்தார். அவரது காரணம் எதுவாயினும், நடுத்தர வர்க்க நாவல் வடிவம் ஏழையின் துயரை ஏற்ற அளவுக்கு அத்துயரின் சட்டபூர்வமான காரணத்தை ஏற்கவில்லை என்று கொள்வதில் தவறில்லை.

4

பெருந்திருப்பம் ஜேர்மனியிலே நிகழ்ந்தது. 1884ஆம் ஆண்டின் விபத்துக் காப்புறுதிச் சட்டம், யார் தவறு என்ற வினாவையே ஒதுக்கி, முதலாளிகளின் தொழிற்சங்கங்கள் நிதி செலுத்தும் முறையை நிறுவியது. முழு இயலாமைக்குக் கூலியின் மூன்றிலிரு பங்கு வழங்கப்பட்டது. சோசலிச இயக்கத்தைத் தடைச் சட்டத்தால் ஒடுக்கிய பிஸ்மார்க்கே இதனைக் கொணர்ந்தார் என்பதிலிருந்து, அரச சலுகையும் தொழிலாளர் போராட்டமும் எத்துணை நெருங்கிப் பிணைந்தவை என்பது புலனாகும்.

இங்கிலாந்தின் 1897ஆம் ஆண்டுச் சட்டமும் தவறு என்ற நிபந்தனையைக் கைவிட்டது. வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்த விபத்தாயின், முதலிரு வாரங்கள் கழிந்தபின் கூலியில் அரைவாசி, வாரம் 1 பவுணுக்கு மேற்படாமல், வழங்கப்பட்டது. ஆயினும் அதன் வாசல்கள் ஒடுங்கியவை. கட்டடமாயின் 30 அடிக்கு மேற்பட்டதாய் இருத்தல் வேண்டும். 28 அடிக் கூரையைத் திருத்தும்போது விழுந்தவன் அவ்வாசலால் நுழைய முடியாது. ஒப்பந்தகாரரின் ஆட்களுக்கும் தொழிலதிபர் பொறுப்பேற்க வேண்டும் என விதித்த பிரிவு, அத்தொழிலுக்குத் துணையான அல்லது இடைநேர்வான வேலைகளுக்கு அப்பொறுப்பு இல்லை என்றும் கூறியது. ‘துணையான’ என்ற அவ்வொரு சொல்லிலே பராமரிப்பு வினைஞரின் விதி எழுதப்பட்டது எனலாம். நெசவாலைக்கு நெசவே தொழில். இயந்திரந் திருத்துவது துணைவேலை. திருத்தாத இயந்திரம் நெய்யாது என்பது எல்லோரும் அறிந்ததே. சட்டம் அதனை அறியாததுபோல் இருந்தது. 1906ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ எல்லாத் தொழில்களுக்கும் பாதுகாப்பை விரித்தமை உண்மையான முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

5

இச்சட்டமொழி பேரரசின் வழியே நமது பிரதேசத்துக்கும் வந்தது. இந்தியாவில் 1923ஆம் ஆண்டு வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் என்ற அதே சோதனையை அடித்தளமாகக் கொண்டது.

இந்தியச் சட்டத்தின் முதலாம் அட்டவணையை அதன் மூல வடிவில் ஓர் இலக்கியப் பனுவலைப் படிப்பதுபோற் படித்தல் பயன்தரும். முழங்கையிலோ அதற்கு மேலோ வலக்கை இழப்பு 70 வீதம், அவ்வாறே இடக்கை 60 வீதம், ஒரு கண் 30, பெருவிரல் 25, சுட்டுவிரல் 10, ஏனைய விரல் ஒவ்வொன்றும் 5. இவை உழைக்கும் ஆற்றலின் இழப்பு வீதங்கள். தொழிலாளி தன் காயத்தின் பெறுமதியை நிறுவ வழக்கறிஞரைத் தேட வேண்டியதில்லை என்ற வகையில் இவ்வட்டவணை ஒரு வெற்றியே. ஆனால் அது யாருடைய சுட்டுவிரல் என்று கேட்பதில்லை. இருளில் திருகாணியின் மரையைத் தடவி அறியும் வினைஞனின் சுட்டுவிரலும் மண்சுமப்பவனின் சுட்டுவிரலும் அதற்கு ஒன்றே. பண்டங்களைச் சமப்படுத்தும் சந்தையைப்போலவே அட்டவணையும் திறனின் வேறுபாட்டை அழித்து உடலை அருவ உழைப்பாக்கியது.

அதே சட்டம் மூன்று விலக்குகளையும் கூறியது: மது அல்லது போதைப்பொருள், வேண்டுமென்றே கட்டளை மீறல், வேண்டுமென்றே பாதுகாப்புக் கவசத்தை அகற்றுதல் அல்லது புறக்கணித்தல். மூன்றாவதே நமது வினாவின் உயிர்நிலை. கவசத்தைக் கழற்றாது பல்சக்கரத்தைத் திருத்த இயலாது. நமது மலையகத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலையை நினைத்துப் பார்ப்போம்: கூரையோரத் தண்டு, அதிலிருந்து இறங்கும் பட்டிகள், கீழே உருளை இயந்திரங்கள். அறுந்த பட்டியை மாட்டுபவன் கவசத்தை அகற்றியே ஆக வேண்டும். இயந்திரத்தை நிறுத்தினால் வாடிய கொழுந்து காத்திருக்காது. நிறுத்தாவிடின் குற்றம் அவனது. இத்தகைய நிலைமையிலே ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லுக்கு யார் பொருள் கூறுகிறார் என்பதிலேயே ஒரு குடும்பத்தின் அடுத்த வேளைச் சோறு தங்கியுள்ளது.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்போது ஓருண்மை தெளிவாகின்றது. 1837இல் உடன்வேலையாள், 1856இல் வேலிக்கு அப்பாற்பட்டவன், 1897இல் துணைவேலைக்காரன், 1923இல் கவசத்தை அகற்றியவன் எனப் பராமரிப்பு வினைஞன் வெவ்வேறு பெயர்களில் விலக்கப்பட்டான். பெயர்கள் மாறின, உற்பத்தியைத் தொழிலென்றும் பராமரிப்பை அதன் செலவென்றும் கருதும் கணக்கு மாறவில்லை. இன்று பராமரிப்பு வேலை ஒப்பந்தகாரரிடமும் அவரிடமிருந்து உப ஒப்பந்தகாரரிடமும் கைமாறுகின்ற இடங்களிலே, காயமுற்றவன் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி தனக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதன்று. தன் முதலாளி யார் என்பதாகும். அக்கேள்வி பழைய ‘துணையான’ வேலையின் மறுபிறப்பே.

சட்டச் சீர்திருத்தங்களை வெறும் ஏமாற்று என ஒதுக்குவது இயங்கியல் நோக்காகாது. அவை ஒவ்வொன்றும் தொழிலாளர் இயக்கத்தின் அழுத்தத்தினாற் பெறப்பட்டவை. ஒவ்வொன்றும் பல்லாயிரம் வீடுகளில் அடுப்பெரியச் செய்தவை. ஆனால் பெற்றதன் எல்லையை அறிந்தவனே அதனை விரிக்க முடியும். சட்டத்தின் சொற்களை வரலாற்றினூடே படிக்கும் பொறுப்பு வழக்கறிஞருக்கு மட்டும் உரியதன்று. சொற்களைத் தமது ஆய்வுப்பொருளாகக் கொண்ட நமக்கும் உரியது. ‘துணையான’, ‘வேண்டுமென்றே’ என்னும் சொற்கள் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் சட்டவரைவு மேசைகளிலும் மீண்டும் வரும்போது, அவற்றின் பின்னே நிற்கும் ஏணியையும் எண்ணெய்க் குவளையையும் நாம் நினைவூட்டுதல் வேண்டும்.