நோர்வேயின் எண்ணெயும் பஸ்ராவின் பாரூக்கும்

நோர்வே பணக்கார நாடு, அவங்களுக்கு எண்ணெய் இருக்கு என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எண்ணெய் கிடைத்த நாடெல்லாம் அப்படி ஆகவில்லையே. அதனால் அவர்கள் எப்படி எடுத்தார்கள் என்ற வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1969 கடைசியில் வட கடலில் எகோபிஸ்க் என்ற பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முந்திய வருடம்தான் ஈராக்கின் பஸ்ராவில் பிறந்த புவியியலாளர் பாரூக் அல் காஸிம், மகனின் வைத்தியத் தேவைக்காக நோர்வேஜிய மனைவியோடு அங்கு குடிபெயர்ந்திருந்தார். வேலை விசாரிக்க அமைச்சுக்குப் போனவரை அமைச்சே வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1972இல் பெற்றோலியத் திணைக்களம் உருவானது. வள முகாமைத்துவம் பின்னர் அவர் பொறுப்பில் வந்தது.

எண்ணெய் நிலத்தடியில் குளம்போலக் கிடப்பதில்லை. பாறையின் நுண்துளைகளில் ஊறியிருக்கும். கிணறு தோண்டினால் உள்ளிருக்கும் அமுக்கம் அதை மேலே தள்ளும். அமுக்கம் குறைந்தால் மீதி அங்கேயே தங்கிவிடும். எகோபிஸ்கில் 100 பீப்பாய்க்குச் சுமார் 17தான் கிடைக்கும் என்பது ஆரம்பக் கணக்கு. கம்பனிக்கு அடுத்த வயல் இருக்கும். நாட்டுக்கு வேறு கடல் இல்லை. ஆகவே கடல்நீரைப் பாறைக்குள் செலுத்தி அமுக்கத்தைக் காக்க வேண்டும் என்று காஸிமும் திணைக்களமும் வலியுறுத்தினார்கள். செலவை எண்ணி முதலில் தயக்கம் இருந்தது. 1987இல் பெரிய அளவில் தொடங்கினார்கள். இன்று அந்தக் கணக்கு 50ஐ எட்டியிருக்கிறது.

எரிவாயுவை வீணாக எரிக்கக் கூடாது, சோதனைக்காகக் குறுகிய நேரம் மட்டுமே விதிவிலக்கு என்று 1971இலேயே கொள்கை வகுத்தார்கள். 1977 முதல் அது குழாய்வழி ஜேர்மனிக்குப் போனது.

சிக்கலும் வந்தது. எண்ணெய் வெளியேறியதால் பாறை நசுங்கிக் கடலடி தாழ்ந்தது. 1987இல் மேடைகளை 6 மீற்றர் உயர்த்த வேண்டியதாயிற்று.

நமது மன்னார்க் கடலிலும் 2011இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. 2022இல் பெற்றோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற நாம், அது எப்போது வெளியே வரும் என்று மட்டுமே கேட்கிறோம். எவ்வளவு உள்ளேயே விடப்படும், எவ்வளவு வீணாக எரியும், கடலடிக்கு என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டும். கிணற்றின் கணக்கை வாசிக்கத் தெரிந்த ஒருவர் அரசாங்கத்தின் பக்கம் உட்கார்ந்திருந்தது நோர்வேக்குப் பெரிய பலமாயிற்று. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் நம் பிள்ளைகளிடம் புவியியல் என்றொரு படிப்பும் இருக்கிறது என்று சொல்லி வைப்போம்.