தேறலும் தோட்டத்துக் கள்ளும்

ஜொகூர்த் தமிழர்க்குப் புகையின் மணம் புதிதன்று. இரப்பர்த் தோட்டங்களில் பால் உறைந்து தகடான பின், அதனைப் புகைக்கூடத்தில் தொங்கவிட்டு விறகுப் புகையில் நாட்கணக்கில் உலர்த்துவது வழக்கம். புகையிலுள்ள பொருள்கள் தகட்டில் பூஞ்சை பிடியாமல் காக்கும். பொந்தியான் வட்டாரத்தில் வேறொரு புகையும் உண்டு. முற்றும் மட்காத காட்டு மரங்களாலான கரிமண் அங்கே ஆழப் படிந்துள்ளது. அன்னாசிக்கு அது நல்ல நிலம். மழை பொய்த்தாலோ அம்மண்ணே தீப்பற்றி உள்ளுக்குள் புகையும்.

கண்ணைக் கரிக்கும் இத்தகைய புகையையே சுவையாகக் கொண்ட மது ஒன்று ஸ்காட்லாந்தில் உண்டு. அந்நாட்டின் மேற்கே உள்ள ஐலா தீவிலும் கரிமண் மிகுதி. முளைவிட்ட பார்லியை அக்கரிமண் எரியும் புகையில் உலர்த்தி, அரைத்து, நொதிக்க வைத்து, செப்புக் கலங்களில் வடித்து, ஓக் மரப் பீப்பாயில் மூன்றாண்டுக்குக் குறையாமல் அடைத்து வைப்பர். ஒரே வடிசாலையில் பார்லி முளை ஒன்றாலேயே செய்யப்படுவதால் அது சிங்கிள் மால்ட் விஸ்கி எனப்படும். முளையில் ஏறிய புகைப்பொருளைப் பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என அளப்பதும் உண்டு. 1815இல் தோன்றிய ஆர்ட்பெக் வடிசாலையின் முளையில் அது ஏறத்தாழ 55. 1816இல் தோன்றிய லகவுலினில் ஏறத்தாழ 35. சுவை வல்லார் அம்மதுவில் சிறிது நீர் கலந்து, முகர்ந்து, தார், கடற்பாசி, மருந்து, சுட்ட மீன் என மணத்தைப் பகுத்துப் பெயரிடுவர்.

மலாயாத் தோட்டத் துரைமாரும் இவ்வாறே சுவைத்தனர் என எண்ணுதல் பொருந்தாது. அவர்களுடைய கிளப்புகளில் வழங்கியது விஸ்கியும் சோடாவும் சரிபாதி கலந்த பானம். பாதி என்று பொருள்படும் மலாய்ச் சொல்லே திரிந்து, 'ஸ்தெங்கா' என அதற்குப் பெயராயிற்று. வெயிலின் களைப்பு நீங்கப் பருகியதே அது. சிங்கிள் மால்ட்டை அயல்நாடுகளில் பரப்பும் முயற்சியை கிளென்பிடிக் வடிசாலை 1963இல் மேற்கொண்டது; அதன் பின்னரே அச்சுவையறிவு உலகெங்கும் பரவலாயிற்று.

மதுவைப் பகுத்தறியும் வழக்கமோ தமிழில் மிகப் பழையது. சங்கப் பாடல்களில் வழங்கும் பெயர்களே இதற்குச் சான்று. தெளிந்தது தேறல், அரிக்கப்பட்டது அரியல், பிழியப்பட்டது பிழி, நறுமணமுடையது நறவு, நெல்லரிசியால் ஆனது தோப்பி. செய்முறையும் மூலப்பொருளும் மணமும் பெயரிலேயே விளங்குகின்றன.

நிலமும் முதிர்ச்சியும் மதுவின் சுவையை மாற்றும் என்பதையும் அப்புலவர் அறிந்திருந்தனர். குறிஞ்சி மக்கள் தேனாலான தேறலை மூங்கிற் குழாயில் விளைவித்ததைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. பாரியின் மலைநாட்டில் நிலத்தில் புதைத்து முதிரச் செய்த மதுவைக் கபிலர் பாடுகிறார். பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பின் செய்முறை படிப்படியாக வருகிறது: அரிசிக் களியை அகன்ற தட்டிலிட்டு ஆற்றி, அடை சேர்த்து, இரு பகலும் இரு இரவும் கழித்து, சாடியில் முற்ற விளைவிப்பர். நாட்பட்ட தேறலின் வேகத்தைத் தேளின் கடுப்போடு ஒப்பிடுகிறார் ஔவையார். யவனர் கலங்களில் கொணர்ந்த மது பாண்டியன் அவையில் பருகப்பட்டதை நக்கீரர் குறிக்கிறார். அரிக்கமேட்டில் 1945இல் நடந்த அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச் சாடிகளின் உடைசில்லுகள் கிடைத்தமை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

இவற்றினும் மேலானது உடனுண்ணும் பண்பு. மது சிறிதாயின் புலவர்க்கே தந்தான். பெரிதாயின் அவர் பாடத் தானும் மகிழ்ந்து உண்டான் என்று இறந்துபட்ட அதியமானை நினைந்து இரங்குகிறார் ஔவையார். சுவையறிதல் என்பது நாவின் தொழில் மட்டும் அன்று. யாரோடு, எவ்வளவு என அறிதலும் அதன் பகுதியே.

இம்மரபின் வழிவந்தவர்க்கு மலாயாவில் வாய்த்தது என்ன? ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்த பின்னரும் கங்காணிமுறை 1938 வரை நீடித்தது. கூலாய், குளுவாங், சிகாமட் எனத் தோட்டந்தோறும் குடியேறிய தமிழர்க்கு வேலை முடிந்த பொழுதில் எளிதில் கிட்டியது தோட்டத்துக் கள்ளுக்கடையே. தென்னங்கள் இறக்கிய சில மணியிலேயே நொதித்துவிடும். மறுநாள் புளித்துக் காடியாகும். அதனைப் புதைத்து முதிர்விக்க வழியில்லை. அன்றே விற்றாக வேண்டிய கடையும், அன்றைய அலுப்பை மறக்க விரும்பிய தொழிலாளியும் எதிரெதிரே நின்றனர். மூங்கிலும் சாடியும் நீங்கின, பெயர்களும் உதிர்ந்தன, கள் என்ற ஒரு சொல்லே எஞ்சியது. உழைத்த கூலி உழைத்த இடத்திலேயே கரைந்தது.

இதனை முதலில் உணர்ந்தோர் தொழிலாளரே ஆவர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுதலும் அவர்தம் கோரிக்கையாயிற்று. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்து போலீசாரின் அடக்குமுறைக்கு ஆளாயினர். தம் கூலியையும் மானத்தையும் மீட்கவே அவர்கள் போராடினர். பழம்பாட்டின் தேறலோடு அவர்களுக்குப் பகை இல்லை.

சங்கப் பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். தேறலுக்கும் நறவுக்கும் தோப்பிக்கும் 'கள்' என்றே பொருள் எழுதிவிட்டால், தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்த மாணவன் தன் பாட்டன் கெட்ட கடையையே அப்பாடலிலும் காண்பான். பழம்புலவரைக் குடிகாரர் என இகழவும் கூடும். சொல்லின் வேரைக் காட்டினால் மயக்கம் நீங்கும். அத்துடன் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். மதுவின் வகைகளை நுணுகி அறிந்த மொழியே அதன் கேட்டையும் உரைத்தது. இவற்றுள் ஒன்றை மறைத்து மற்றொன்றைக் கூறுவது முழு வரலாறு ஆகாது.