குவாரிக் கிராமத்தின் சலங்கைச் சத்தம்



சந்திப்பு மலர் என்றால் நம்ம கல்லூரிக் கதைதானே வரணும், இங்கிலாந்துக் கிராமத்து ஆட்டம் இங்கே எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நின்றுபோன ஒரு வழக்கம் எப்படித் திரும்ப உயிர் பெற்றது என்று தேதி வாரியாகச் சொல்ல முடிகிற வரலாறுகள் குறைவு. ஹெட்டிங்டன் குவாரி மாரிஸ் நடனக் குழுவின் வரலாறு அப்படிப்பட்டது. அதில் ஒரு பழைய மாணவருக்கும் பங்கு உண்டு.

ஹெட்டிங்டன் குவாரி ஆக்ஸ்போர்டு நகரத்தை ஒட்டிய ஊர். பெயரே சொல்கிறது, கல் குவாரி இருந்த இடம். ஆக்ஸ்போர்டின் பல கல்லூரிக் கட்டடங்களுக்குக் கல் இங்கிருந்துதான் போனது. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பிய நியூ காலேஜ் மணிக்கூண்டும் இந்த ஊர்க் கல்லே. பிற்காலத்தில் செங்கல் சூளைகளும் வந்தன. கல் உடைப்பவர்களும் கொத்தனார்களும் வாழ்ந்த உழைப்பாளி ஊர்.

இந்த ஊர்க்காரர்களின் ஆட்டம்தான் மாரிஸ். ஆறு பேர், இரண்டு வரிசை. வெள்ளை உடை, குறுக்கே ரிப்பன், முழங்காலுக்குக் கீழே சலங்கைப் பட்டை. சில ஆட்டங்களுக்குக் கையில் கைக்குட்டை, சிலவற்றுக்குக் கழி. நம்ம ஒயிலாட்டமும் கோலாட்டமும் பார்த்தவர்களுக்கு இதைப் புரிய வைக்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை. உறவு இருக்கிறதென்று சொல்ல வரவில்லை, ஒற்றுமை இருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஆட்டத்தின் பழமையும் சாதாரணமில்லை. 1448-லேயே லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் கணக்கில் மாரிஸ் ஆட்டக்காரர்களுக்கு 7 ஷில்லிங் கொடுத்ததாக ஒரு செலவு இருக்கிறது.

ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிராமம் கிராமமாக ஆட்டம் நின்றுகொண்டே வந்தது. ஹெட்டிங்டன் குவாரியிலும் 1887-க்குப் பிறகு நின்றுபோனது. அப்போதுதான் பெர்சி மேனிங் வருகிறார். நியூ காலேஜில் படித்தவர், பழம்பொருள் ஆராய்ச்சியில் பைத்தியம். பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடித்து, பேசிச் சம்மதிக்க வைத்து, 1899 மார்ச் 15-ஆம் தேதி ஆக்ஸ்போர்டு தானியச் சந்தை மண்டபத்தில் மேடை ஏற்றினார். ஊரின் கல் கல்லூரிக்குப் போனது போக, கல்லூரி ஊருக்குத் திருப்பிச் செய்த கைம்மாறு என்று இதைச் சொல்லலாம்.

அதே வருஷம் டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். பனி உறைந்து கட்டட வேலை நின்றுவிட்டது. கொத்தனார்களுக்குக் கூலி இல்லை. மாரிஸ் ஆட்டத்துக்குக் காலம் பெந்தெகொஸ்தே திருநாள். அதாவது ஈஸ்டர் கழிந்து ஏழாவது வாரம். ஆனால் வயிறு காலம் பார்க்குமா? நாலு காசு கிடைக்கட்டும் என்று ஆட்டம் கட்டி வீடு வீடாகப் புறப்பட்டார்கள். சாண்ட்ஃபீல்ட் காட்டேஜ் என்ற வீட்டின் முன்னால் ஆடினார்கள். அங்கே மாமியார் வீட்டுக்கு விருந்தாக வந்திருந்தார் செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியர். ஜன்னல் வழியே பார்த்தவர் அசந்துபோனார். குழுவுக்குக் கான்செர்டினா வாசித்தவர் வில்லியம் கிம்பர், 27 வயதுக் கொத்தனார். கான்செர்டினா என்பது இரண்டு கைக்குள் அடங்கும் சின்னத் துருத்திப் பெட்டி. மறுநாளே ஷார்ப் அவரை வரவழைத்து ஐந்து மெட்டுகளை எழுதிக்கொண்டார். இங்கிலாந்து முழுக்க மாரிஸ் திரும்பப் பரவியதற்கு அந்த ஐந்து மெட்டுகள்தான் வித்து.

ஏட்டில் ஏறினால் மட்டும் போதுமா? ஆட வேண்டாமா? 1905-ல் லண்டனில் ஏழைத் தையல்காரப் பெண்களுக்கு மன்றம் நடத்திவந்த மேரி நீல் அம்மையார், ஷார்ப் மூலம் கிம்பரைப் பற்றி அறிந்து அவரை வரவழைத்தார். கிம்பர் கற்றுக்கொடுத்தார், பெண்கள் ஆடினார்கள், பிறகு அவர்களே ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தார்கள். பின்னால் ஷார்ப்புக்கும் நீலுக்கும் பெரிய சண்டை. அடி பிசகாமல் ஆட வேண்டும் என்றார் அவர். ஆடுகிறவர்களின் மகிழ்ச்சிதான் முக்கியம் என்றார் இவர். கடைசியில் ஷார்ப் கட்சியே வென்றது. 1911-ல் ஆங்கில நாட்டுப்புற நடனச் சங்கத்தை அவர் நிறுவினார்.

அப்புறம் முதல் உலகப் போர். ஷார்ப்பின் செயல்விளக்கக் குழுவில் ஆடிய இளைஞர்களில் நான்கு பேர் 1916-ல் போர்க்களத்தில் மாண்டார்கள். இசையமைப்பாளர் ஜார்ஜ் பட்டர்வொர்த் அவர்களில் ஒருவர். ஆனாலும் சங்கிலி அறவில்லை. 1924-ல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஒரு குழுவாகக் காட்ஸ்வோல்ட் கிராமங்களுக்குப் போய், அந்தந்த ஊர் ஆட்டத்தை அந்தந்த ஊரிலேயே ஆடிக் காட்டினார்கள். 1934-ல் ஆறு குழுக்கள் சேர்ந்து ‘மாரிஸ் ரிங்’ என்ற அமைப்பைத் தொடங்கின. அதில் ஒரு வேடிக்கை, வருத்தமும்கூட. மறுமலர்ச்சியில் முதலில் ஆடியவர்கள் பெண்கள். இந்த அமைப்போ ஆண்களுக்கு மட்டும். பெண்கள் 1975-ல் தங்களுக்கென்று கூட்டமைப்பு கண்டார்கள். மாரிஸ் ரிங் கதவைத் திறக்க 2018 ஆனது.

ஆண்டு வழக்கங்களுக்கு வருவோம். மே 1 காலை ஆறு மணிக்கு ஆக்ஸ்போர்டு மாட்லின் கல்லூரிக் கோபுர உச்சியில் பாடகர் குழு பாடும். முடிந்ததும் தெருக்களில் மாரிஸ் குழுக்களின் சலங்கை கேட்கும். பெந்தெகொஸ்தே காலம் பழைய முறைப்படி ஆட்டக் காலம். டிசம்பர் 26 அன்று ஹெட்டிங்டன் குவாரியில் வாள் ஆட்டமும் நாட்டுப்புற நாடகமும் உண்டு. அந்த நாடகத்தில் ஒருவன் வெட்டுப்பட்டுச் செத்து விழுவான், டாக்டர் வந்து எழுப்பிவிடுவார். மாரிஸின் கதையும் அதுவேதான் போங்கள்!

கிம்பர் கடைசிவரை ஆட்டத்தை விடவில்லை. இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டே இருந்தார். 1961-ல் காலமானார். தேதி எது தெரியுமா? டிசம்பர் 26! ஊர்த் தேவாலயத்தில் அவர் கல்லறைக் கல்லில் கான்செர்டினா செதுக்கியிருக்கிறார்கள். அவர் பெயரில் ஹெட்டிங்டனில் ஒரு தெருவே இருக்கிறது. கூலி இல்லாத நாளில் ஆட வந்த கொத்தனாருக்குக் கிடைத்த மரியாதை இது.

தம்பி தங்கைகளே, மேனிங் செய்தது பெரிய வித்தை அல்ல. படித்த ஊரைச் சுற்றி நடந்தார், கிழவர்களைக் கேட்டார். 1899-ல் அவர் கேட்டதால் கிடைத்தது. பத்து வருஷம் கழித்துப் போயிருந்தால் கேட்க ஆள் இருந்திருக்குமோ என்னவோ. நம் கல்லூரியைச் சுற்றிலும் கிராமங்கள் இருக்கின்றன. அங்கே ஒயிலாட்ட வாத்தியார்கள் இருக்கிறார்கள், வயதும் ஆகிவிட்டது. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போங்கள். எழுதியதோடு நிற்காமல் நாலு அடி ஆடவும் கற்றுக்கொண்டு வாருங்கள். அடுத்த சந்திப்பில் நீங்கள் ஆட, நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறோம்.