மேடைச் சிங்கமும் மேனிச் சித்திரமும்

நம் காட்டூருக்கு வடக்கே, ஆரணியாற்றைத் தாண்டிய பழவேற்காட்டில், 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகக் கிடக்கிறது. ஆயினும், சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வாணிபத்துக்கெல்லாம் தலைமையிடமாக 1690 வரையில் விளங்கிய அந்த இடத்திலிருந்து, கடுக்காயிலும் பாலிலும் தோய்த்து, சாயவேரின் சிவப்பேற்றிக் கையால் சித்திரம் தீட்டிய துணிகள் பட்டேவியா வழியாக ஜப்பானுக்குச் சென்றதையும், அங்கே தேநீர்ச் சடங்கின் பாத்திரங்களைப் பொதிந்து வைக்கும் அருமைப் பொருளாக அவை போற்றப்பட்டதையும், 1778இல் அவற்றின் கோலங்களைத் தொகுத்து ஒரு புத்தகமே அந்நாட்டில் அச்சானதையும் நினைக்கும்போது, இந்தக் கரைக்கும் அந்தத் தீவுகளுக்கும் இடையிலிருந்த பந்தம் வெறும் சரக்குப் பந்தம் அன்று என்பது விளங்கும். துணியில் நம்மவர் தீட்டிய சித்திரத்தை விரும்பி வாங்கிய அதே ஜப்பானியர், தம் தோலின்மீது தாமே சித்திரம் தீட்டிக்கொள்வதில் உலகில் வேறெவரும் எட்டாத உயரத்தை எட்டினார்கள். அந்தத் தோல் சித்திரங்களில் முதன்மையானவற்றுள் ஒன்று சிங்கம்; அதுவும் காட்டுச் சிங்கமன்று, மேடையில் ஆடும் சிங்கம்.

ஜப்பானியக் காடுகளில் சிங்கம் கிடையாது. பௌத்தத்தோடு சீனத்தையும் கொரியாவையும் கடந்தே அது அங்கே போய்ச் சேர்ந்தது; மஞ்சுஸ்ரீ போதிசத்துவரின் வாகனம் அது. இவ்விடத்தில் ஒரு மனிதரை நினையாமல் மேலே செல்ல முடியாது. தென்னிந்திய அந்தணர் என்று ஜப்பானியர் குறித்துவைத்திருக்கும் போதிசேனர், மஞ்சுஸ்ரீயைத் தரிசிக்கும் வேட்கையோடு சீனம் சென்று, அங்கிருந்து 736இல் ஜப்பானை அடைந்து, 752ஆம் ஆண்டில் நாரா நகரத்துத் தோதாய்ஜி ஆலயத்தின் மாபெரும் புத்தர் திருவுருவத்துக்குத் தம் கையாலேயே தூரிகை பிடித்துக் கண் திறந்தார். அந்த வைபவத்தில் முகமூடி ஆட்டங்கள் நடந்தன. அக்கால ஆட்டத்துக்குரிய சிங்க முகமூடிகள் அவ்வாலயத்தை ஒட்டிய ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. மரத்தில் கடைந்த ஒரு முகம் ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு மேல் பேணப்பட்டிருப்பது, மன்னர்களின் சாசனங்கள்கூட எளிதில் பெறாத பாக்கியம்.

அந்தச் சிங்கம் பின்னர் நோ நாடகத்தில் புகுந்தது. ஷாக்கியோ என்னும் நாடகத்தில், மஞ்சுஸ்ரீயின் புண்ணிய மலைக்குச் செல்லும் துறவி ஒருவர், பாதாளத்தின்மேல் இயற்கையாக அமைந்த குறுகிய கற்பாலத்தின் முன் தயங்கி நிற்க, அப்பாலிருந்து சிங்கம் தோன்றிப் பியோனி மலர்களின் நடுவே ஆடுகிறது. காபுகி மேடை இதனை எடுத்துக்கொண்டு பெருக்கியது. தந்தைச் சிங்கம் குட்டியை மலைச்சரிவில் தள்ளி அதன் திடத்தைச் சோதிக்கும் ரென்ஜிஷி ஆட்டமும், அரண்மனைப் பணிப்பெண் ஒருத்தி சிங்கத் தலையொன்றைக் கையிலெடுக்க, அதன் ஆவேசம் அவளையே பற்றிக்கொள்ளும் காகாமிஜிஷி ஆட்டமும் அவ்வாறு எழுந்தவை. பின்னது 1893இல் ஒன்பதாம் இச்சிகாவா தாஞ்சூரோவால் அரங்கேறியது. வெண்மையும் செம்மையுமான பிடரிமயிர் தரையில் புரளும்படி தலையில் அணிந்த நடிகர்கள் அந்த மயிர்க்கற்றையை வட்டமாகச் சுழற்றி வீசும்போது அரங்கம் ஆரவாரிக்கும்.

எடோ நகரத்துச் சித்திரக்காரர்கள் வரைந்த நடிகர் வேஷங்கள் மரப்பலகையில் செதுக்கப்பட்டு, அச்சாகி, ஏழை எளியவரும் வாங்கும் விலைக்கு விற்கப்பட்டன. 1827 தொடங்கி உத்தகாவா குனியோஷி, சீனக் கதையின் நூற்றெட்டு வீரர்களுள் சிலரை உடலெங்கும் பச்சை குத்தியவர்களாகத் தீட்டி வெளியிட்ட வரிசையில், என்ஸேய் என்னும் வீரனின் மேனியில் சிங்கமும் பியோனியும் பின்னிப் படர்ந்திருக்கின்றன. அந்தத் தாள்களைக் கண்ட தீயணைப்போரும் பல்லக்குத் தூக்கிகளும் அவ்வாறே தம் முதுகிலும் வேண்டுமென்று கேட்டார்கள். பலகை செதுக்கும் கையும் தோல் குத்தும் கையும் ஒரே தெருவில் வாழ்ந்தன. பலகைக் கோடே ஊசிக் கோடாயிற்று. சிங்கத்தோடு அந்த மலர் ஏன் வருகிறதென்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் அழகானது: எதற்கும் அஞ்சாத சிங்கத்தை அதன் உடலுக்குள்ளேயே பிறந்த புழு மட்டுமே அழிக்கக்கூடும்; இரவில் பியோனியின் பனித்துளி அந்தப் புழுவைக் கொல்லும்; ஆகவே சிங்கம் அம்மலரின் நிழலில் உறங்குகிறது. ரென்ஜிஷிக்குப் பாட்டெழுதிய கவாதாகே மோகுவாமியே, 1862இல், பெண் வேஷமிட்ட திருடன் தோளாடையை நழுவவிட்டுப் பச்சையைக் காட்டும் காட்சியையும் எழுதினார் என்பது, மேடையிலிருந்து தோலுக்குச் சென்றது மீண்டும் மேடைக்கே திரும்பியதைக் காட்டும். 1872இல் அரசு பச்சையைத் தடைசெய்தது. 1948இல்தான் அத்தடை நீங்கியது. இடையில் அந்நியருக்கு மட்டும் அது தடையின்றி நடந்தது: பிற்காலத்தில் டில்லி தர்பாரில் வீற்றிருந்த ஐந்தாம் ஜார்ஜ், 1881இல் இளவரசராக அங்கே சென்றபோது தம் கையில் பறவைநாகம் குத்திக்கொண்டவர்தாம்.

நம் நாட்டிலும் மேடைச் சிங்கம் உண்டு. தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில், நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கு எதிரே நடைபெறும் பாகவத மேளாவில், வேங்கடராம சாஸ்திரியார் தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரம் இரவு முழுவதும் ஆடப்படுகிறது. கோணங்கி வருகிறான், விநாயக முகமூடியணிந்த சிறுவன் வருகிறான், இரணியனுக்கும் மகனுக்கும் வாதம் முற்றுகிறது. அன்று உபவாசமிருந்த நடிகரின் முகத்தில், ஆண்டு முழுவதும் பூஜையிலிருந்த நரசிம்ம முகமூடி கட்டப்படுகிறது. தூணிலிருந்து வெளிப்படும் அவர் இரணியன்மேல் பாய முற்படுகையில், இருபுறமும் நிற்போர் முழுப் பலத்தோடு அவரைப் பிடித்திழுக்கிறார்கள். அந்தப் பிடி நாடகத்துக்காக மட்டும் பிடிப்பதன்று. விட்டால் விபரீதம் என்ற மெய்யான அச்சம் பிடிக்கும் கைகளில் தெரியும். எதிரே கூடியிருப்போர் கைதட்டுவதில்லை, கும்பிடுகிறார்கள்.

நரசிம்மம் நம்மவரின் மரபுப் பச்சையில் ஏறாததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஜப்பானியச் சிங்கம் போதிசத்துவரின் ஏவலாள். காவலுக்கு அழைக்கலாம், முதுகில் சுமக்கலாம், அதனோடு குளிக்கலாம், குடிக்கலாம். மெலட்டூர்ச் சிங்கமோ ஆண்டவனே. உபவாசமின்றி முகத்தில் ஓரிரவு தாங்க இயலாத உக்கிரத்தை, தீட்டும் தூய்மையும் மாறி மாறி வரும் சரீரத்தில் ஆயுள் முழுவதும் யார் தாங்குவது?

நம் பச்சை வேறு வழியில் சென்றது. மஞ்சள்பொடியையும் அகத்தியிலையையும் துணித்திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரித்த புகைக்கரியைத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்து, குறத்தியர் ஊசியால் குத்திய கோலங்களில், புள்ளியும் கோடும் தேளும் மீனும் பறவையும் பூவும் நாமமும் இருந்ததை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்திருக்கிறார். பர்மாவுக்குக் கூலி வேலைக்குப் போய் மீண்ட தமிழரின் கைகளில் அந்நாட்டார் குத்திய விரிவான சித்திரங்களையும் அவர் கண்டார். கடல் கடந்தவர் மேனியில் மட்டும் அந்நியச் சித்திரம் ஏறியது; ஊரிலிருந்த பெண்களின் முன்கையிலோ வாசற்கோலமே ஏறியது.

நாராவின் முகமூடிக்குக் கருவூலம் கிடைத்தது. பழவேற்காட்டுத் துணியின் துண்டுகளை ஜப்பானியர் ஏடுகளில் ஒட்டிக் காத்தனர். குனியோஷியின் தாள்கள் உலகத்து அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. குறத்தியின் கோலங்களுக்கோ, தர்ஸ்டன் குறித்துவைத்ததைத் தவிர, அச்சுமில்லை, ஏடுமில்லை. அவற்றைத் தாங்கிய கையோடு அவை எரிந்துவிடுகின்றன. காட்டூரிலும் பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த குப்பங்களிலும் பச்சை படர்ந்த முன்கையோடு வாழும் ஆயாமார்களிடம், அவர்கள் சம்மதத்தோடு, அந்தக் கோலங்களைப் புள்ளி பிசகாமல் காகிதத்தில் எழுதி வாங்கும் வேலையை நம் பள்ளிப் பிள்ளைகளே இந்தக் கோடை விடுமுறையில் தொடங்கிவிடலாம்.