ஏலரிசி அளவு கல்

அம்மாச்சிக்கு வலி வருவது பெரும்பாலும் ராத்திரியில்தான். விடியக்காலையில் கம்பத்தில் ஜீப் ஏறி, குமுளி மலை தாண்டி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும். இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பிவந்து, அன்றைக்குச் சாப்பிட வேண்டிய மொத்தத்தையும் ஒரே வேளையாகச் சாப்பிட்டுப் படுக்கும். பத்து, பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடும். நெஞ்சுக்குழியில் முஷ்டியை வைத்து அழுத்தியபடி சுவரில் சாய்ந்துகொள்ளும்.

"வாயுடா. ஒரு ஏப்பம் வந்தா சரியாப் போயிரும்."

நான் ஓடிப்போய் கோலி சோடா வாங்கிவருவேன். பெருங்காயம், ஓமத்தண்ணி, இஞ்சி மரப்பா எல்லாம் வரிசையாக நடக்கும். ஏப்பம் வரும், வலி போகாது. வலது தோள்பட்டைக்குக் கீழே முதுகில் நீவிவிடச் சொல்லும். ரெண்டு மணி நேரம் கழித்து வலி தானாக அடங்கும். சோடா கேட்டுவிட்டது என்று நாங்கள் நம்புவோம். ஆறேழு வருடம் இப்படியே போனது.

இன்றைக்கு மென்பொருள் வேலையில் இருக்கிறேன். தவறான பெயரில் பதிவாகிவிட்ட பிழையை யாரும் தேடிப் போவதில்லை என்பது அந்த வேலையின் பாலபாடம். அம்மாச்சியின் வலிக்கு வாயு என்று பெயர் வைத்தாயிற்று. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதைத் தேடவில்லை.

*

தமிழில் பித்தம் இல்லாத இடமே கிடையாது. தலை சுற்றினால் பித்தம், வாய் கசந்தால் பித்தம், குதிகாலில் பித்த வெடிப்பு, சின்ன வயதில் பித்த நரை. கிறுக்குப் பிடித்தவன் பித்தன், சிவபெருமானும் பித்தன். வாதம், பித்தம், கபம் என்ற மூன்றின் ஏற்றத்தாழ்வுதான் நோய் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை. கிரேக்கர்களும் மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம் என்று இரண்டாகப் பிரித்து, மனிதனின் துயரத்தைக்கூட அதில்தான் ஏற்றிவைத்தார்கள். பித்தம் உடம்பெங்கும் பரவி நிற்கும் ஒரு குணமாக ஆகிவிட்டபோது, கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கிடக்கும் விரல் நீளப் பை கண்ணில் படாமல் போய்விட்டது.

ஆனால் பித்தக்கல் நமக்குப் புதிதல்ல. நாட்டு மருந்துக் கடையில் கோரோசனை கேட்டுப் பாருங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலில் உரைத்துக் கொடுப்பார்களே, அதுதான். அது மாட்டின் பித்தப்பையில் விளைகிற கல். மாட்டுக்குள் இருப்பதை நூற்றாண்டுகளாக அறிந்திருந்த நமக்கு, பாட்டிக்குள்ளும் அது இருக்கலாம் என்று தோன்றவில்லை.

*

மேற்கிலும் இது சீக்கிரம் புரிந்துவிடவில்லை. கல் இருப்பது தெரிந்த பிறகும், பையைத் திறந்து கல்லை எடுத்துவிட்டுப் பையை விட்டுவிடுவார்கள். கல் திரும்ப வரும். 1882 ஜூலை 15 அன்று பெர்லினின் லாசரஸ் மருத்துவமனையில் கார்ல் லாங்கென்பூக் பையையே வெட்டி எடுத்தார். கல்லை உண்டாக்குவதே அந்தப் பைதான் என்பது அவர் வாதம். நோயாளிக்கு வயது 43. பதினாறு வருடமாக வலியோடு இருந்தவர், பிழைத்துக்கொண்டார்.

நோயை வெளியிலிருந்தே படிக்கும் முறைகளும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் உருவாயின. நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள் காமாலை, வலது மேல்வயிற்றில் வலி மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தநாளத்தில் கிருமி புகுந்திருக்கிறது என்று பாரிஸில் ஷார்கோ 1877இல் எழுதினார். சிகாகோவின் ஜான் மர்ஃபி 1903இல் சொன்ன சோதனைக்குக் கருவியே வேண்டாம். வலது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்திக்கொண்டு மூச்சை இழுக்கச் சொல்வார். பித்தப்பை வீங்கியிருந்தால் இழுத்த மூச்சு வலியில் பாதியிலேயே நின்றுவிடும்.

இவற்றோடு ஒரு சித்திரமும் மருத்துவ மாணவர்களுக்கு வந்து சேர்ந்தது. பெண், குண்டு, சிவப்பு, நாற்பது வயது, பிள்ளை பெற்றவள். ஆங்கிலத்தில் ஐந்துமே எஃப் எழுத்தில் தொடங்குவதால் மனப்பாடம் செய்ய எளிது. எங்கள் அம்மாச்சி கறுப்பு, ஒல்லிக்குச்சி. ஏலச்செடிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து காய்த்துப்போன உடம்பு. அந்தச் சித்திரத்தில் அதற்கு இடமில்லை.

1968இல் 'கட்' என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எஸ். எல். மல்ஹோத்ரா இந்திய ரயில்வே ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தக்கல் நோய் தென்னிந்திய ஊழியர்களைவிட வட இந்திய ஊழியர்களிடம் ஏழு மடங்கு அதிகம் என்றது அது. முக்கியமான ஆய்வுதான். ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகக் காதில் விழுவதற்கு அதிக நேரம் ஆகாது. அதோடு கல்லும் வேறு. கொழுப்போடு உறவுள்ள மஞ்சள் நிறக் கொலஸ்ட்ரால் கற்கள் வடக்கே அதிகம். உடைந்த ரத்தச் சிவப்பணுக்களின் நிறமியால் ஆன கறுப்புக் கற்கள் தெற்கே அதிகம் காணப்படுபவை. இதற்கு ஆள் குண்டாக இருக்கவேண்டிய அவசியமில்லை. பகல் முழுக்க வெறும் வயிறாக இருந்தாலும் பித்தநீர் பையிலேயே தேங்கிக் கெட்டிப்படும். ஜீப்பில் மலையேறிப் போகும் பெண்கள் நேரத்துக்கா சாப்பிடுகிறார்கள்?

*

அந்த வலியின் அடையாளங்களை இப்போது எழுதிப் பார்க்கிறேன். நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழோ வரும். எண்ணெய்ப் பலகாரமோ கறியோ வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, அதிகமும் ராத்திரியில். அரை மணி முதல் சில மணி நேரம் விடாமல் நிற்கும். முதுகுக்கோ வலது தோளுக்கோ பாயும். குமட்டும். ஏப்பம் விட்டாலும் வெளிக்குப் போனாலும் ஜெலுசில் குடித்தாலும் அடங்காது. இதே இடத்து வலியோடு வியர்த்துக் கொட்டி மூச்சு முட்டினால் மாரடைப்பாகவும் இருக்கலாம். அப்போது சோடா வாங்க ஓடக்கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடவேண்டும்.

ஒரு ஸ்கேனில் தெரிந்துவிடும் விஷயம் இது. தொந்தரவு தராத கல்லை அப்படியே விட்டுவைப்பதும் உண்டு. ஆனால் அன்று எங்கள் தெருவில் ஸ்கேன் என்றால் புள்ளத்தாச்சிக்கு எடுப்பது. "இந்த வயசுல எனக்கெதுக்குடா ஸ்கேனு" என்று அம்மாச்சி சிரித்தது ஞாபகமிருக்கிறது.

2003இல் ஒருநாள் அதன் கண் மஞ்சளாகிவிட்டது. காமாலைக்குக் கீழாநெல்லி என்பது எங்களுக்கு வேதவாக்கு. பக்கத்து ஊரில் மருந்து கொடுப்பவரிடம் கூட்டிப்போய், உப்பில்லாத மோர்சோறு, பத்தியம் என்று மூன்று நாளைக் கழித்தோம். எல்லாக் காமாலையும் ஈரலில் தொடங்குவதில்லை. கல் நழுவிப் பித்தநாளத்தை அடைத்தாலும் கண் மஞ்சளாகும், சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போகும், மலம் வெளுக்கும். அடைப்பை எந்தக் கீரையும் எடுக்காது. நான்காம் ராத்திரி அம்மாச்சிக்குக் கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர்ஜுரம். ஷார்கோ எழுதிய மூன்றும் ஒரே உடம்பில் வந்துவிட்டன. நாங்கள் அவரைப் படித்திருக்கவில்லை.

வாடகைக் கார் பிடித்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் தாண்டி மதுரைக்குப் போனோம். தேனி கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது அடுத்த வருடம், 2004இல்.

தாமதம் ஏழைகளுக்கு மட்டும் உரியதல்ல. ஓவியர் ஆண்டி வார்ஹோலுக்குப் பித்தக்கல் இருப்பது பல வருடம் முன்பே தெரியும். ஆஸ்பத்திரி பயத்தில் தள்ளிப்போட்டார். பை அழுகிய நிலையில் அறுவை செய்துகொண்டு, மறுநாள் 1987 பிப்ரவரி 22 அன்று நியூயார்க்கில் இறந்தார். அவருக்குப் பயம், எங்களுக்கு வாயு.

அம்மாச்சி பிழைத்தது. வாய் வழியே குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள். பிறகு சிறு துளைகள் போட்டுப் பையை அகற்றினார்கள். 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே தொடங்கி, 1990இல் மும்பையில் தெஹெம்டன் உத்வாடியா இந்தியாவுக்குக் கொண்டுவந்த முறை அது. நான்காம் நாள் எழுந்து நடந்தது.

எடுத்த கற்களை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத் தந்தார்கள். கறுப்பாக, சொரசொரவென்று, ஏலரிசி அளவில் பதினோரு கற்கள். வாழ்நாள் முழுக்க ஏலக்காய் பறித்த கை அதைக் குலுக்கிப் பார்த்தது.

"மாட்டு வயித்துல இருந்தா கோரோசனை. எவ்வளவு காசு! எம் வயித்துல இருந்து உங்களுக்குச் செலவத்தான் வச்சிருச்சு."

இப்போதும் விடியக்காலையில் கம்பத்தில் ஜீப்புகள் நிரம்புகின்றன. போன தடவை ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டு அத்தை திண்ணையில் நெஞ்சுக்குழியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "வாயுப்பா" என்றது. வலி முதுகுக்குப் பாயுதா, எவ்வளவு நேரம் நிக்குது என்று கேட்டேன். ஆமாம், ரெண்டு மணி நேரம் என்றது. மறுநாள் காலையில் ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன்.